பழைய சாமானில் ஒரு கோழிக்கூடு

(ஊராட்சிக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு எங்களைப் பேசச் சொன்ன தலைப்பு கோழிக்கூடு. "இதுல பேச என்ன இருக்கு, நாலு குச்சி நட்டா கூடு" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. சரிதான் அக்கா. ஆனால் அந்த நாலு குச்சிக்காகத்தான் இப்போது நம்ம குழுக்களில் கடன் கேட்டு நிற்கிறோம். போன மூன்று மாதத்துத் தீர்மான நோட்டுகளை எடுத்துப் பார்த்தோம். ஏழு குழுவில் "கோழிக்கூண்டு வாங்க உள்கடன்" என்று எழுதியிருக்கிறது. வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ரெடிமேடு இரும்புக் கூண்டு விற்கிறார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்து, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விலை 9,500 ரூபாய். நாட்டுச் சேவல் ஒன்றை 500 ரூபாய்க்கு விற்றாலும் 19 சேவல் விற்றால்தான் அந்தக் கூண்டுக் காசு வரும். அதுக்கு மேலே வட்டி. கோழி நமக்குச் சம்பாதிக்கிறதா, கூண்டுக்காரருக்குச் சம்பாதிக்கிறதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடனே வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கோழி வாங்கக் கடன் வாங்குங்க, அது முட்டை போடும், குஞ்சு பொரிக்கும். இரும்புக் கூண்டு குட்டி போடாது.

கோழிக்காசு எப்படிப்பட்ட காசு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லு விற்ற பணம், மாடு விற்ற பணம், தேங்காய் விற்ற பணம் எல்லாத்துக்கும் வீட்டில் கணக்கு கேட்பார்கள். முட்டை விற்ற காசுக்கும் கோழி விற்ற காசுக்கும் யாரும் கேட்பதில்லை. அது நம்ம சிறுவாட்டுக் காசு. குழுச் சந்தா அதில் போகிறது, பிள்ளைக்கு நோட்டு அதில் வாங்குகிறோம், தாய்வீட்டுக்குப் போக பஸ் காசு அதில்தான். அதனால்தான் ஒரு ராத்திரியில் கோழி போனால் மற்றவர்கள் "கோழிதானே" என்று சொல்லும்போது நமக்கு வயிறு எரிகிறது.

நம் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினருக்கு அப்படித்தான் ஆனது. பெயர் வேண்டாம், இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். பதினான்கு கோழி, ஒரு சேவல். மகள் நர்சிங் படிக்கிறாள், விடுதிக் கட்டணத்தில் ஒரு பங்கு இந்தக் கோழியில்தான். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார், பெருங்கோழி எல்லாம் முருங்கை மரத்திலும் மாட்டுக்கொட்டகைச் சட்டத்திலும் ஏறிக்கொள்ளும். மார்கழியில் ஒரு விடியற்காலை எழுந்து பார்த்தால் பதினொன்று செத்துக் கிடக்கிறது. தூக்கிக்கொண்டு போனது இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் கழுத்தில் கடித்துப் போட்டபடி கிடந்தன. அடுத்த வாரக் கூட்டத்தில் அவர் 9,500 ரூபாய் உள்கடன் கேட்டார். ஏற்கெனவே ஒரு கடனில் நாலு தவணை பாக்கி. "அக்காவுக்குக் கொடுக்கணும்" என்று பாதிப் பேர், "பாக்கி இருக்கும்போது எப்படிக் கொடுப்பது" என்று பாதிப் பேர். குழுவே இரண்டாகப் பிரிந்து, ஒரு கூட்டம் கையெழுத்துப் போடாமலே கலைந்தது. அந்தக் குழுவில் கடைசியில் நடந்ததைத்தான் இன்றைக்கு உங்களுக்கு விரிவாகச் சொல்லப் போகிறோம்.

கூடு கட்டுவதற்கு முன்னால் யாருக்குப் பயந்து கட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். கோழி போனால் எல்லாரும் உடனே "கீரி" என்று சொல்லிவிடுகிறோம். கீரிப்பிள்ளை பகலில் அலைகிற பிராணி. காலையில் மேயப் போன கோழி, குஞ்சு போச்சு என்றால் கீரியைச் சொல்லலாம், பருந்தைச் சொல்லலாம். ராத்திரியில் வருவது மரநாய், காட்டுப்பூனை, தெருநாய். அடைத்த இடத்தில் நிறையக் கோழி படபடத்தால் இதுகள் பசிக்குத் தின்பதோடு நிற்காமல் ஒவ்வொன்றாகக் கடித்துப் போடும். ஒரு இறகு கூட இல்லாமல் முட்டையும் சின்னக் குஞ்சும் காணாமல் போனால் பாம்பாக இருக்கலாம், அப்படியே முழுங்கிவிட்டுப் போகும். குஞ்சைத் தரையோரம் இழுத்துக்கொண்டு போன தடம் இருந்தால் பெருச்சாளி. ஆக இரவுக்கு வருகிறவர்களில் ஒருவர் மரம் ஏறுவார், ஒருவர் மண்ணைத் தோண்டுவார், ஒருவர் விரல் நுழைகிற சந்தில் நுழைவார். இவர்கள் மூவருக்கும் பதில் சொல்கிற கூடுதான் கூடு.

விஷம் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். கீரி, மரநாய், காட்டுப்பூனை, சாரைப்பாம்பு எல்லாமே 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. வழக்கு வரும். அதைவிட, வைத்த விஷத்தை நம்ம கோழியே கொத்தும், பக்கத்து வீட்டு நாய் தின்னும், அப்புறம் அந்த வீட்டோடு பத்து வருடப் பகை. சாரைப்பாம்பு முட்டை குடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. வருடம் முழுக்க வயலில் எலி தின்கிறதும் அதுதான்.

சரி, சாமானுக்கு வருவோம். அந்தக் குழுவில் முதலில் செய்தது, ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரவர் கொல்லையைச் சுற்றி வந்ததுதான். நம்ம பக்கம் கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி அடித்ததே, அன்றைக்கு ஒடிந்தது, பறந்தது, கழட்டிப் போட்டது எல்லாம் "எதுக்காவது ஆகும்" என்று இன்னும் எத்தனை வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது! ஒரு மடக்குக் கட்டில் கிடைத்தது, நாடா எல்லாம் அறுந்துபோய் இரும்புச் சட்டம் மட்டும். பழைய வீட்டுக் கதவின் பலகை நாலு. ஒரு ஜன்னல் கிரில். நெளிந்த தகர சீட் இரண்டு. தென்னைச் சட்டம் ஏழெட்டு. மூங்கில் கழி. பழைய கதவின் கீல் இரண்டு ஜோடி. பெயிண்ட் வாளி மூன்று. ஒரு அக்காவின் மாமியார், "குப்பை பொறுக்கிக் கூடு கட்டுற அளவுக்கா போயிட்டோம்" என்று கேட்டிருக்கிறார். அதுக்கு அந்த அக்கா, "அத்தை, இதை நாம காசு கொடுத்து வாங்கினப்ப குப்பைன்னா வாங்கினோம்?" என்று கேட்டாராம். மாமியாரே அப்புறம் பரணிலிருந்து ஒரு நாதாங்கி எடுத்துக் கொடுத்தார்.

கிடைக்கிறது எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கூரையில் போடுகிற சிமெண்ட் சீட், ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்கிறோமே, உடைந்த துண்டு நிறையக் கிடக்கும். அதை ரம்பம் போட்டு அறுப்பது, சுத்தியால் உடைப்பது, ஓட்டை போடுவது எதுவும் வேண்டாம். அதில் வருகிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கிடக்கிற துண்டைப் பிள்ளைகள் விளையாடாத இடத்தில் கிடந்தபடியே விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து டப்பா, களைக்கொல்லி கேன் எதையும் தண்ணீர் வைக்கவோ முட்டை வைக்கவோ எடுக்காதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் சரி. பழைய பேட்டரிப் பெட்டியும் அப்படித்தான், ஈயம். ரொம்பப் பழைய கதவில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தால் அதிலும் ஈயம் இருக்கலாம். கோழி அதைக் கொத்தித் தின்றால் முட்டை வழியாக நம்ம பிள்ளைக்கு வரும். அந்தப் பலகையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் பக்கத்தைக் கோழி தொட முடியாதபடி வெளியே பார்க்கத் திருப்பி, உரிந்து விழாமல் மேலே தகரம் வைத்து மூடுங்கள். தெர்மாகோல் வேண்டாம், கொத்தித் தின்றுவிடும்.

இன்னொன்று, கறிக்கோழிக் கடையில் பழைய பிளாஸ்டிக் கிரேட் சும்மாவே தருவார்கள். வாங்காதீர்கள். எந்தப் பண்ணையில் என்ன சீக்கு இருந்ததோ, அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டு நம்ம கொல்லைக்கு வரும். கோழி செத்துப்போன வீட்டுக் கூடை, பஞ்சாரமும் அப்படித்தான். கூல் டிரிங்ஸ் கிரேட், காய்கறி கிரேட் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

தென்னைச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னையில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்பக்கம் சோறு. உள்பக்கத்துச் சட்டத்தில் ஆணியை வைத்து கையால் அழுத்தினாலே இறங்கும், அது ஒரு மழைக்குத் தாங்காது, கரையான் வைத்துவிடும். தட்டினால் கணீர் என்று கேட்கிற கருத்த சட்டமாகப் பார்த்து எடுங்கள். பனஞ்சட்டம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

பழைய பலகையில் ஆணி பிடுங்கும்போது செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணி ஏறினால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டிடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பிடுங்கிய ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டினால் நேராகிவிடும், திரும்ப அடிக்கலாம். வேலை முடிந்ததும் அந்த இடத்தைச் சுத்தமாகப் பொறுக்குங்கள், ஏனென்றால் மின்னுகிற கம்பித்துண்டைக் கோழி விழுங்கி இரைப்பை கிழிந்து சாகும். பழைய ஸ்பீக்கரில் இருக்கிற காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்துப் பாருங்கள், எத்தனை ஆணி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

எவ்வளவு பெரிய கூடு வேண்டும்? பகலெல்லாம் வெளியே மேய்கிற நாட்டுக்கோழிக்கு, ராத்திரி அடைவதற்கு ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். அந்த மடக்குக் கட்டில் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். பதினைந்து சதுர அடி, பதினைந்து கோழி. கட்டிலே அடித்தளம் ஆகிவிட்டது. காலுக்குக் கீழே ஹாலோ பிளாக் கல் வைத்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் தூக்கினார்கள். உயரம் எதுக்கு என்றால், பெருச்சாளி தோண்டி வர முடியாது, மழைத் தண்ணீர் ஏறாது, கீழே விழுகிற எச்சத்தை மண்வெட்டி போட்டு இழுத்துவிடலாம்.

கட்டில் சட்டத்தின் குறுக்கே மூங்கிலைப் பிளந்து, அரை அங்குலச் சந்து விட்டு, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். எச்சம் சந்து வழியாகக் கீழே விழுந்துவிடும், கூட்டுக்குள்ளே ஈரம் நிற்காது. கோழிக்குச் சளி பிடிப்பதே ஈரத்தாலும் எச்சத்தின் நெடியாலும்தான். ஆனால் குஞ்சுக்கால் அந்தச் சந்தில் மாட்டும். அந்த அக்கா வீட்டில் இரண்டு குஞ்சுக்குக் கால் ஒடிந்த பிறகு, தாய்க்கோழியும் குஞ்சும் அடைகிற ஒரு மூலைக்கு மட்டும் சாக்கு விரித்து மேலே உமி போட்டார்கள். நீங்கள் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

சுவர் கீழ்ப்பாதி கதவுப் பலகை, மேல்பாதி கம்பிவலை. காற்று மேலே போகட்டும், கோழி மேல் நேராக அடிக்காமல் கீழே மறைவு இருக்கட்டும். இந்தக் கம்பிவலைதான் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே பெரிய சாமான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆறுகோண ஓட்டை போட்ட மெல்லிசு வலையை நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். கொசுவலையும் மீன்வலையும் பகலில் பருந்துக்கு மேலே கட்டலாமே தவிர ராத்திரிக்கு ஆகாது, மரநாய்க்கு அது வலையே இல்லை. அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டிங் வலை வாங்குங்கள். பாம்பும் நுழையாது. வலையை ஆணியில் மாட்டினால் மட்டும் போதாது, விளிம்பு மேலே ஒரு மூங்கில் பட்டையை வைத்து அழுத்தி ஆணி அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தை நகத்தால் நெம்பிவிடும்.

கதவு, அந்த ஜன்னல் கிரில்தான். அதன்மேல் வலையைக் கட்டி, பழைய கீலில் மாட்டினார்கள். கீல் கிடைக்காதவர்கள் சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்துக் கீலாகப் போடலாம், ஆனால் வெயிலில் வெடித்துவிடும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தாழ்ப்பாள் மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டு வேண்டும். நாய் மூக்கால் கீழ்ப்பக்கம் முட்டும், ஒரே தாழ்ப்பாள் என்றால் அந்த மூலை வளைந்து வழி கிடைத்துவிடும். கதவு எந்த அளவு? உங்கள் கை கூட்டின் கடைசி மூலை வரை எட்ட வேண்டும். அவ்வளவு பெரிது. கை எட்டாத மூலையில்தான் செள்ளு குடியிருக்கும், கூமுட்டை கிடக்கும்.

கூரைக்கு ஓடு போட ஆசைப்பட்டார்கள். ஓடு நல்லதுதான், வெயிலுக்கும் குளிர்ச்சி. ஆனால் கட்டில் சட்டம் அந்தப் பாரம் தாங்காது. கல் அடுக்கிக் கூடு கட்டுகிறவர்கள் தாராளமாக ஓடு போடுங்கள். இவர்கள் தகர சீட்டைப் போட்டு, சித்திரை வெயிலுக்கு மேலே தென்னங்கீற்று பரப்பினார்கள். கீற்று மட்டும் போட்டால் அதற்குள் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. வெளியே ஓரடி தள்ளி இறங்குகிற மாதிரி கூரை இருந்தால் சாரல் உள்ளே வராது. கட்சிக்காரர்கள் விட்டுப்போன ஃபிளக்ஸ் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதைக் கூரைக்கு அடியில் போடலாம், சுவருக்குப் போட்டால் காற்று அடைத்துக் கோழி மூச்சு முட்டும். தகரத்தை நாலு பக்கமும் கம்பியால் இழுத்து முளைக்குச்சியில் கட்டுங்கள். கஜா அன்றைக்குத் தகரம் எப்படிப் பறந்தது என்று நம்ம ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காகப் போகட்டும். அப்போது காலை வெயில், மாலை வெயில் இரண்டும் சின்னப் பக்கத்தில்தான் படும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை வடகிழக்கில் இருந்து சாய்த்து அடிக்கும், அந்த இரண்டு மாதம் அந்தப் பக்கத்து வலைக்கு மட்டும் சாக்குப் படுதா தொங்கவிட்டு, வெயில் வந்தால் சுருட்டிவிடுங்கள். வேப்பமரத்து நிழல் இருந்தால் நல்லது. ஆனால் கிளை கூரையைத் தொடக் கூடாது, மரநாய்க்கு அது பாலம்.

உள்ளே கோழி உட்கார ஒரு கழி வேண்டும். கோழிக்குத் தரையில் படுக்கப் பிடிக்காது, மரம் ஏறுவதே அதுக்குத்தான். பழைய மண்வெட்டிக் காம்பு இரண்டைக் குறுக்கே கட்டினார்கள். ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம். இரண்டு கழியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் மேல் கழிக்குத் தினமும் சண்டை. பிளாஸ்டிக் பைப் வழுக்கும், வேண்டாம்.

முட்டையிட பெயிண்ட் வாளியைப் படுக்க வைத்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் தடுப்புக் கட்டி, வைக்கோல் போட்டால் ஆயிற்று. வாளிக்குள் காய்ந்த பெயிண்ட் ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான். நாலைந்து கோழிக்கு ஒரு வாளி போதும். அடை வைக்க மட்டும் தனிக் கூடை, மணல் போட்டு, மேலே வைக்கோல். நம்ம பாட்டிகள் அடைக்கூடையில் இடிக்குப் பயந்து ஒரு இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் மிளகாயும் போடுவார்கள், எங்கள் படிப்பில் அதற்கு விளக்கம் இல்லை, ஆனால் போடுகிறவர்களை நாங்கள் தடுக்கவும் இல்லை. இருபத்தோராம் நாள் குஞ்சு ஓடு உடைக்கும்போது எறும்பு வருவதைப் பாருங்கள், அதுதான் நிஜமான ஆபத்து. கூட்டின் ஒவ்வொரு காலையும் ஒரு பழைய டின்னில் தண்ணீர் ஊற்றி அதற்குள் நிறுத்தினால் எறும்பு ஏறாது. டின்னுக்குக் கோழி எட்டாதபடி மேலே ஓட்டுத் துண்டால் மறையுங்கள், எறும்பு அதில் ஏறி வராதபடி அந்த ஓடு கூட்டின் காலைத் தொடாமல் இருக்கட்டும்.

பழைய மரத்துக்கு ஒரு குறை உண்டு. வெடிப்பில் செள்ளு ஒளிந்திருந்து ராத்திரி வந்து இரத்தம் குடிக்கும். கோழி தலையைத் தொங்கப் போடும், அடைக்கோழி அடையை விட்டு எழுந்துவிடும், நமக்குக் காரணம் தெரியாது. பலகையை அடிக்கும் முன்பே இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப் போட்டு, சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து வெடிப்பில் இறங்குகிற மாதிரி அடியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப அடியுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயரில் மணலும் சாம்பலும் போட்டு வைத்தால் கோழி தானே புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும்.

இப்போது செலவு. கம்பிவலை இருபது சதுர அடி 460 ரூபாய். புது ஆணி 70. கட்டுக்கம்பி 65. தாழ்ப்பாள் இரண்டு 90. ஆக மொத்தம் 685 ரூபாய். இரண்டு ஞாயிறு மதியம், ஐந்து பேர். ரம்பம் பிடிப்பது ஆம்பளை வேலை என்று முதல் நாள் தயங்கினவர்கள், இரண்டாம் நாள் ரம்பத்துக்குச் சண்டை போட்டார்கள். இதுவரை ஆசாரியைக் கூப்பிடாமல் ஒரு ஆணி அடித்ததில்லை என்று சொன்ன அக்கா ஒருவர் இப்போது அவர் வீட்டு அலமாரிக் கதவையே சரி பண்ணிவிட்டார்.

அந்த உறுப்பினருக்குக் குழுவில் 9,500 கொடுக்கவில்லை, 3,000 ரூபாய் கொடுத்தார்கள், ஆறு பெட்டைக்கோழி வாங்க. பாக்கி வைத்திருந்தவருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, கூடு கட்ட வந்த ஐந்து பேரும் கேரண்டி கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கு அவர் வீட்டில் குஞ்சு தவிர்த்துப் பதிமூன்று கோழி இருக்கிறது. பழைய பாக்கியில் இன்னும் ஒரு தவணை இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். கூடு கட்டிய பிறகு ராத்திரியில் ஒரு கோழியும் போகவில்லை. பகலில் பருந்துக்குக் குஞ்சு போகிறது, அதற்கு இந்தக் கூட்டில் பதில் இல்லை. குஞ்சுக்கு இரண்டு மாதம் ஆகும்வரை பஞ்சாரமும், மேலே கட்டிய மீன்வலையும்தான் வழி.

கூட்டினால் வந்த இன்னொரு நன்மை, நாங்களே முதலில் நினைக்காதது. கோழிக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல் என்று சொல்கிறோமே, ராணிக்கெட் நோய், அது வந்தால் ஒரு தெருவையே காலி பண்ணும். மரநாய் பதினொன்றைக் கொன்றது என்றால் கழிச்சல் ஒன்றையும் விடாது. வந்த பிறகு மருந்து இல்லை, வருமுன் தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறையில் வழக்கமாகப் பிப்ரவரி மாதம் ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் காலையில் வரும்போது நம்ம கோழி எங்கே இருக்கிறது? வேலியில், குப்பைமேட்டில், பக்கத்துத் தெருவில். துரத்தித் துரத்திப் பாதிக் கோழிக்குப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கூட்டில் அடைத்திருந்தால் முகாம் அன்றைக்குக் கதவைத் திறக்காமல் வைத்தால் போதும், பத்து நிமிடத்தில் எல்லாக் கோழிக்கும் போட்டுவிடலாம். கால்நடை மருந்தகத்தில் முன்னாடியே தேதி கேட்டு, குழுக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

கூட்டுக்குக் கீழே விழுகிற எச்சத்தை வாரம் ஒருமுறை இழுத்து, சருகோடு கலந்து குழியில் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று மாதம் மக்கிய பிறகு கத்தரிக்கும் மல்லிகைக்கும் அதைப்போல உரம் கிடையாது. பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும்.

கேள்வி கேட்ட இரண்டு பேருக்குப் பதில் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம். "எங்க கோழி மரத்தை விட்டு இறங்கவே மாட்டேங்குது, கூடு கட்டி என்ன செய்ய" என்று ஒரு தங்கச்சி கேட்டார். சாயங்காலம் ஒரு கை தவிடோ நொய்யோ கூட்டுக்குள்ளேயே போடுங்கள், வெளியே போடாதீர்கள். ஏறுகிற கோழியை இருட்டிய பிறகு பிடித்து உள்ளே விடுங்கள், இருட்டில் அதற்குக் கண் தெரியாது, சும்மா பிடிபடும். ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடையும். "எங்களுக்குக் கட்டில் இல்லையே" என்று இன்னொரு அக்கா. கட்டில்தான் வேண்டும் என்று இல்லை. பெஞ்சு, பழைய மேஜை, உடைந்த மாட்டுவண்டிச் சட்டம், நாலு கல் தூண், எது கிடைத்தாலும் இரண்டடி உயரம் வந்தால் சரி.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு ரம்பம், இரண்டு சுத்தியல், ஒரு கட்டிங் பிளேயர், வலை வெட்டுகிற கத்திரி வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டிய குழு நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம், மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். வலையை ஒவ்வொருவராகச் சில்லறையாக வாங்குவதைவிட ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு ரோலாக வாங்கினால் விலை குறையும். வலை வேண்டியவர்கள் எத்தனை அடி என்று இன்றைக்கே உங்கள் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்த சந்தைநாளில் நாங்களும் கூட வருகிறோம்.